கோட்டு போர்த்திய கடிகாரம்

1

கெஸ்லர் ஊர் காபிக் கடையில், பக்கத்து மேஜைப் பேச்சில் பாதி கேட்டது இந்தக் கதை. மீதி என் கைச்சரக்கு. முதல் வரி: ‘பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில்—’

வேண்டாம். ராக்கி மலையில் எந்தக் காலையில் கொட்டவில்லை?

2

கெஸ்லர்க்காரி வெர்லா ஹாஸ்கின்ஸ் தனி ஆள். மகள் ஜூனி தன்னிடமே இருக்க வேண்டும் என்பது அவள் வழக்கு. நீதிமன்றமோ மலைக்கு அந்தப் பக்கம். பனியில் கணவாய் மூடி, இரண்டு வாய்தா போயாயிற்று. இன்னொன்று போனால் பிள்ளை அப்பனுக்கு.

எங்கள் மாநிலத்தில் புது நீதிமன்றத்தை உண்டாக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனம் சட்டசபைக்குத்தான் கொடுத்திருக்கிறது. ஒரு வாக்கியம் நிறைவேறினால் போதும். (எழுத்தாளனுக்கும் அவ்வளவுதான் வேலை. ஆனால் என் வாக்கியத்தை நம்பி யாரும் பிள்ளையை ஒப்படைக்க மாட்டார்கள்.)

3

கூட்டத்தொடரின் கடைசி நாள். (சட்டசபை மலைக்கு இந்தப் பக்கம்தான்.) சட்டப்படி நண்பகலோடு சபை கலைய வேண்டும். மசோதா பாக்கி என்றால், சுவர்க் கடிகாரத்தின்மேல் கோட்டைப் போர்த்திவிடுவது இவர்கள் வழக்கம். மூடிய கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகாது! அன்று பாக்கி, கெஸ்லர் நீதிமன்ற மசோதா. எங்கள் உறுப்பினர் ஓர்வில் டெக்கர் கோட்டைக் கழற்றிக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார்.

“என்ன ஓர்வில், கோட்டைக் கழட்டிட்டியே, குளிரலையா?”

“நடுங்குதுடா. சீக்கிரம் கையைத் தூக்கித் தொலைங்க!”

தூக்கினார்கள். கெஸ்லருக்கு நீதிமன்றம் வந்தது. ஜூனி அம்மாவுக்கே என்று அது தீர்ப்பும் சொன்னது.

4

இங்கேயே முடித்திருக்கலாம். வாரப் பத்திரிகைப் புத்தி விடவில்லை. அப்பனின் வக்கீல் மேல்முறையீட்டுக்குப் போனார்.

“நண்பகலுக்கு அப்புறம் போட்ட சட்டம் செல்லாதுங்க. அப்போ கெஸ்லர்ல கோர்ட்டே கிடையாது. இல்லாத கோர்ட்டு எப்படிங்க தீர்ப்பு சொல்லும்?”

உறுப்பினர்கள் யாரும் மணி பார்க்கவில்லையாம். ஓர்வில் உயிரோடில்லை. அன்று சபையின் பார்வையாளர் மாடத்தில் ஒருத்தி மட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முள் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவள் வெர்லா.

[இரண்டாம் வரைவில் அந்தக் கடிகாரத்தைக் கழற்றினேன். அவள் வெறும் பார்வையாளராகிப் போனாள். மறுபடி கட்டிவிட்டேன்.]

5

முடிவு அ: பொய் சொல்கிறாள். ஜூனி அம்மாவிடமே இருக்கிறாள். பிறகு ஒருநாள் மகள், ‘நிஜமாவே என்னம்மா மணி?’ என்று—

முடிவு ஆ: உண்மை. ஜூனி போகிறாள். கெஸ்லரில் வந்த எல்லாத் தீர்ப்பும் கூடவே போகிறது. ஊரில் ஒருவரும் வெர்லாவோடு—

இரண்டையும் அடித்துவிட்டேன். அப்பனின் வக்கீல் வெர்லாவையே சாட்சிக்கு அழைத்திருக்கிறார்; கூண்டில் நிற்கிறாள். துணைக்கு வந்தவர் யாருமில்லை.

“உங்க வாட்ச்ல மணி என்னம்மா?”

“சொல்றேங்க. ஒரு வாய் தண்ணி குடுங்க, முதல்ல.”

குடித்துவிட்டாள். வேண்டுமானால் இன்னொரு தம்ளர் கொடுக்க என்னால் முடியும். அதையும் குடித்து முடித்தால் நீதிபதியைப் பார்க்க மாட்டாள், உங்களைத்தான் பார்ப்பாள்.

சொல்லுங்கள், மணி என்ன?