பழைய விமானம் வாங்குவதற்கு முன்

டெல்மர் ஹைன்ரிக்ஸ் விமானத்துக்கு அடியில் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் பல் டாக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடியுமாக, வெள்ளை விமானத்தின் வயிற்றை அங்குலம் அங்குலமாகத் துழாவிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது அவருடைய பூட்ஸ் இரண்டும்தான். அவர் மனைவி ட்வைலா கொட்டகை வாசலில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் தொங்கிய ஆக்ஸிஜன் பெட்டி புஸ் புஸ் என்று காற்றை மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. விச்சிடாவில் அன்றைக்கு வழக்கம்போல ஊரையே தூக்கிக்கொண்டு போகிற காற்று.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆரிகன் கடற்கரையில் இருக்கிற அக்கா ஜோலீனைப் போய்ப் பார்க்க வேண்டும். சமையலறை மேஜைக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அக்காவுமாக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும். ஜோலீனால் வர முடியாது. பக்கவாதத்தில் கிடக்கிற புருஷனை விட்டு அவளால் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடிவதில்லை. ட்வைலாவின் நுரையீரலோ வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டே போகிறது. பெரிய விமானங்கள் உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கிற காற்று எட்டாயிரம் அடி மலையுச்சிக் காற்று மாதிரி மெலிந்துவிடும். அது உங்களுக்கு ஆகாது, ஆறாயிரத்தைத் தாண்டாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரில் போனாலும் ராக்கி மலைகளைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அப்போதுதான் டெல்மர் சொன்னார்: "நாமளே ஒண்ணு வாங்கிருவோம் ட்வைலா. ரெட்டை எஞ்சின், டர்போபிராப்ங்கற காத்தாடி விமானம். பழசுலயே நல்லதாக் கெடைக்கும். உள்ள காத்தை நமக்கு வேணுங்கற மாதிரி வெச்சுக்கலாம்."

இருபது வயதிலிருந்தே கோதுமை வயலுக்கு மேலே ஒற்றை எஞ்சின் விமானத்தில் சுற்றி வந்த மனிதர். வசதிக்கும் குறைவில்லை. அன்றைக்கு அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது.

டெல்மர் ஒரு பழைய டிராக்டர் வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது. ஏலத்துக்குப் போனால் முதல் ஆளாகப் போவார், கடைசி ஆளாக வருவார், வெறுங்கையோடு வருவார். "டெல்மர் பாத்து முடிக்கறதுக்குள்ள அது துருப்பிடிச்சிரும்" என்று அவர்கள் ஊரான கோல்பியில் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். டிராக்டர் போய் விமானமே பார்க்கக் கிடைத்ததும் அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்து வருகிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, டெக்ஸாஸிலிருந்து டக்கோட்டா வரை ஒவ்வொரு விமானமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றில் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. ஒன்று கடலோரத்தில் நின்றது, உள்ளே துரு இருக்கும். ஒன்று ரொம்ப ஓடிவிட்டது. ஒன்று ஓடாமலே கிடந்தது, அது அதைவிட மோசம். இன்னொன்றில் எல்லாம் சரியாக இருந்தது. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ட்வைலாவும் கூடவே போனாள். ஒவ்வொன்றிலும் படியேறி, இருக்கையில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜோலீன் போன் பண்ணுவாள்.

"என்னடி, விமானம் வாங்கியாச்சா?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்."

"உம் புருசன் பாக்கற லட்சணத்துக்கு அதுக்குள்ள ரெக்கை முளைச்சு நானே பறந்து வந்துருவேன்."

முதல் வருஷம் இதற்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் ஜோலீன் கேட்பதையே விட்டுவிட்டாள். வானிலை பற்றிப் பேசினார்கள்.

போன வாரம் டாக்டர் மூச்சை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, "போகணும்னா இந்தக் கோடைக்குள்ள போய்ட்டு வந்துருங்க. அதுக்கு மேல நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்றார். ட்வைலா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். டெல்மர் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். "அப்ப சீக்கிரமாப் பாக்கணும்" என்றார். மறுநாள் கடைக்குப் போய் இன்னும் பெரிய டார்ச் ஒன்று வாங்கி வந்தார்.

ஒருவழியாக இரண்டு விமானங்களில் வந்து நின்றது. ஒன்று இந்த வெள்ளை. இன்னொன்று பக்கத்திலேயே நின்ற நீலப் பட்டை போட்டது. வயசு கூட, வேகம் கொஞ்சம் மட்டு, ஆனால் ஒரே முதலாளி கையில் வளர்ந்தது. காலையிலிருந்து டெல்மர் இதன் அடியிலும் அதன் அடியிலுமாக மாறி மாறிப் போய்வந்துகொண்டிருக்கிறார். ட்வைலாவுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவளுக்குக் கால் கடுத்தது, கண் சொக்கியது. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

தரகன் கிப் ஸ்டாலர்ட் காகிதக் கோப்பையில் காபி கொண்டுவந்து கொடுத்தான். நாற்பது வயசிருக்கும். டெல்மரோடு இரண்டு வருஷமாக மல்லுக்கட்டியதில் முன்தலையில் முடி குறைந்துவிட்டது.

"மிஸஸ் ஹைன்ரிக்ஸ், உங்களுக்கு எது புடிச்சிருக்கு? சும்மாச் சொல்லுங்க."

"சீக்கிரம் கெளம்பறது எதுவோ அது."

கிப் அசடு வழியச் சிரித்துவிட்டு அவள் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

அந்த நேரத்தில்தான் வெளியே ஒரு விமானம் வந்து நின்றது. வெள்ளைக்கு அக்கா தங்கை மாதிரி இருந்தது. அதே இரட்டை எஞ்சின், அதே வால். கதவு படியாகத் திறந்து இறங்கியதும் ஐந்தாறு இளம்பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு இறங்கினார்கள். எல்லோர் தலையிலும் பிளாஸ்டிக் கிரீடம். ஒருத்தி செருப்பைக் கையில் வைத்திருந்தாள். ஒருத்தி தரையில் கால் பட்டதும் குனிந்து கான்கிரீட்டுக்கு முத்தம் கொடுத்தாள். மற்றவர்கள் கத்தினார்கள்.

"யாரு இவங்க?" என்றாள் ட்வைலா.

"கல்யாணப் பொண்ணும் தோழிங்களும். கல்யாணத்துக்கு முன்னாடி நாஷ்வில் போய்க் கூத்தடிச்சுட்டு வர்றாங்க."

"சின்னப் பொண்ணுங்களா இருக்காங்க. அதுக்குள்ள விமானம் வாங்கிட்டாங்களா?"

கிப் அவள் கிண்டல் பண்ணுகிறாளா என்று பார்த்தான். அவள் கிண்டல் பண்ணவில்லை.

"வாங்கலைங்க. வாடகை."

"வாடகைன்னா?"

"காசைக் கட்டினா விமானமும் கூட ரெண்டு பைலட்டும் வருவாங்க. கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பக் கூட்டிட்டு வந்துருவாங்க."

ட்வைலா கோப்பையைத் தரையில் வைத்தாள். "தாழப் பறக்கச் சொன்னாப் பறப்பாங்களா? உள்ள ஆறாயிரத்தைத் தாண்டாம?"

"ஓ. நோயாளிங்களை அப்படித்தான் கூட்டிட்டுப் போறாங்க. எண்ணெய் கொஞ்சம் கூடக் குடிக்கும், அரைமணி கூட ஆகும். அவ்வளவுதான்."

"சொன்னா எப்பக் கெடைக்கும்?"

கிப் தலையைச் சொறிந்தான். "நாளைக்கே கெடைக்குங்க."

அவள் பார்வை விமானத்தின் அடியில் தெரிந்த பூட்ஸுக்குப் போனது. கிப்புக்குத்தான் தாங்கவில்லை. "சார் வாங்கணும்னு வந்தாருங்க. நான் விக்கறவன். அவருக்குத் தெரியாத விஷயமா இதுன்னு நெனச்சேன்" என்றான்.

ஹைன்ரிக்ஸ் குடும்பத்தில் வாடகை என்பது கெட்ட வார்த்தை. டெல்மரின் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அடுத்தவன் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க மாட்டார்கள், அடுத்தவன் ஏணியைக்கூட இரவல் வாங்க மாட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் நாற்காலியை வாடகைக்கு எடுப்பார்கள். டெல்மர் இருநூறு நாற்காலி விலைக்கு வாங்கினார். மகள் விவாகரத்தே வாங்கியாகிவிட்டது, நாற்காலிகள் இன்னும் கோதுமைக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கின்றன. அது டெல்மரின் கிறுக்கு என்று ட்வைலா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆனால் இந்த மூன்று வருஷத்தில் அவளுக்கும்தான் அந்த எண்ணம் வரவில்லை. ஐம்பது வருஷம் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றதில் அவளும் ஹைன்ரிக்ஸாகவே ஆகிவிட்டாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாடகை விமானக்காரர்களுக்கு ஒரு போன். ஜோலீனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு போன்தான்.

மெதுவாக எழுந்து, பெட்டியைத் தோளில் சரிசெய்துகொண்டு, வெள்ளை விமானத்தின் அருகே போய் நின்றாள். அவளால் குனிய முடியாது. பூட்ஸோடுதான் பேசினாள்.

"டெல்மர்."

"வந்துட்டேன், வந்துட்டேன். இங்க ஒரு வரிசை ஆணி மட்டும் புதுசாத் தெரியுது. எப்பவோ வயித்துல அடிபட்டிருக்கு. அந்தத் தரகுப் பய வாயத் தொறக்கலை பாரு."

"அது கெடக்கட்டும். விமானம் வாடகைக்குக் கெடைக்குமாம்."

கீழே சத்தம் நின்றது.

"நாளைக்கேவாம். தாழப் பறக்கச் சொன்னாப் பறப்பாங்களாம்."

"வாடகை விமானத்துல கண்டவனும் ஏறியிருப்பான்."

"கல்யாணப் பொண்ணுங்க ஏறியிருக்காங்க. கிரீடத்தோட எறங்கறாங்க, போய்ப் பாரு."

பூட்ஸ் அசையவில்லை. ட்வைலா இறக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு இது தோணவே இல்லையா?" என்றாள். தோணவில்லை என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. கஞ்சன், பிடிவாதக்காரன், அப்பன் புத்தி. இதையெல்லாம் மன்னித்து மன்னித்து அவளுக்குப் பழக்கம்தான்.

"தோணுச்சு" என்றது விமானத்தின் வயிறு.

"எப்ப?"

"மொதல் விமானம் பாத்துட்டு வந்த அன்னைக்கே."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படுவதற்கும் மூச்சு வேண்டியிருக்கிறது. பெட்டி இரண்டு தடவை புஸ் புஸ் என்று ஊதும் வரை பொறுத்திருந்தாள்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னாப் போயிருப்ப."

"போகத்தானே இவ்வளவும்?"

"உன்னைத் தெரியாதா எனக்கு? அறுவடை முடியற வரைக்கும் காய்ச்சலோட லாரி ஓட்டுவ. கடைசி லோடு எறங்கினதும் படுத்தேன்னா ஒரு வாரம் எந்திரிக்க மாட்ட. வருசா வருசம் பாக்கறேனே." பூட்ஸ் இரண்டும் தரையைத் தேய்த்தன. "ஜோலீனைப் பாக்கணும், ஜோலீனைப் பாக்கணும்னுதான் நீ காலைல எந்திரிக்கிற. மாத்திரை முழுங்கற. பாத்துட்டு வந்துட்டா அப்புறம் எதுக்கு எந்திரிப்ப? எனக்குப் பயம் ட்வைலா."

டெக்ஸாஸும் டக்கோட்டாவும் அவள் கண்முன் வந்து போயின. துரு, எஞ்சின் கெடு, ரொம்ப ஓடியது, ஓடாமலே கிடந்தது, எல்லாம். அவள் உயிரைப் பிடித்து வைக்கத்தான் மனிதர் இத்தனை விமானங்களில் குறை கண்டுபிடித்திருக்கிறார். அவர் மேல் அவளுக்கு இரக்கமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அசதியாக இருந்தது.

"நீ சொல்றது நெசந்தான்" என்றாள்.

"எது?"

"பாத்துட்டு வந்தாப் படுத்துக்குவேன். இப்பவே முடியலை டெல்மர். உனக்காகத்தான் ஒவ்வொண்ணுலயும் ஏறி எறங்கினேன். உனக்கு இதுல ஒரு சந்தோசம், கெடுக்க வேண்டாம்னு இருந்தேன்."

"சந்தோசமா? எனக்கா?" பலகை சட்டென்று உருண்டு வெளியே வந்தது. எண்ணெய்க் கறை படிந்த முகம், சிவந்த கண். "முதுகு ஒடியுது. இனிமே ஜென்மத்துக்கும் எந்த விமானத்து அடியிலயும் படுக்க மாட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ட்வைலாவுக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. டெல்மர் எழுந்து, தன் முதுகைப் பிடித்துக்கொண்டே, அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அப்புறம் கிப்பைக் கூப்பிட்டார். கிப் பயந்துகொண்டே வந்தான்.

"அந்த வாடகைக்காரங்களுக்குப் போன் போடு. ஆரிகன். ரெண்டு பேரு."

"போட்டுர்றேன் சார். போக வரச் சேத்துத்தானே?"

டெல்மர் டார்ச்சை அணைத்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பை சின்னது, டார்ச் பெரியது. இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

"போக மட்டும் சொல்லு" என்றார். "வர்றது எப்பங்கறதை அங்க போய்ப் பாத்துக்கலாம். கடல் காத்து நல்லதுங்கறாங்க. அவசரம் ஒண்ணும் இல்லை."

"வர்றதையும் சேத்துச் சொல்லுங்க கிப்" என்றாள் ட்வைலா. "நான் எங்க வீட்டுலதான் படுக்கணும்."

கிப் போனைக் கையில் வைத்துக்கொண்டு டெல்மரைப் பார்த்தான். டெல்மர் நீலப் பட்டை விமானத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, அவள் சொன்னபடியே சொல் என்று தலையை அசைத்தார்.