ஒரே மாதிரி இரண்டு காலைகள்

தினமும் ஐந்தே முக்காலுக்கு எழுந்து, பல் துலக்கி, பால் காய்ச்சுவான். தேநீர் இரண்டு கோப்பை. மனைவிக்கு அரைச் சர்க்கரை. ஒரு செவ்வாய்க்கிழமை தேயிலை டப்பாவின் மூடியைத் திறந்தான். மூடியபோது பதினொரு வாரம் கழிந்து வியாழக்கிழமையாகியிருந்தது. பால் அதே அளவுதான் பொங்கியிருந்தது. கூந்தலைச் செருகக் கையைத் தூக்கிய அவள், கையை இறக்கும்போது நகம் வளர்ந்திருப்பதைப் பார்த்தாள். மாடி வீட்டம்மாவிடம் விசாரித்தார்கள். இருவரும் ஒழுங்காக வேலைக்குப் போனதாகவும், அவனுடைய அக்கா வந்து பத்து நாள் தங்கியதாகவும் சொன்னாள். ஊரார் எல்லாரிடமும் இருந்த நாட்கள் இவர்களிடம் மட்டும் இல்லை.

அவளுக்குக் காரணம் உடனே புரிந்தது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவள் வேலையே அதுதான். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து, ஜோடி ஜோடியாகத் தாளில் ஒட்டி, எதில் எந்தத் துண்டு குறைகிறது என்று பார்ப்பாள். "டி.என்.ஏ. இழை அறுந்தா உடம்பே ஒட்டிக்கும். ஆனா ஒரே வரிசை ரெண்டு இடத்துல இருந்துச்சுன்னா குழம்பிடும். இதை அதோட சேர்த்துடும், நடுவுல தொங்கறது போயே போச்சு. நம்ம காலையெல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருந்தா, ஒட்டறவன் பாவம் என்ன பண்ணுவான்?" என்றாள். பிறகு சிரித்தாள். "நல்லவேளை, உங்க அக்கா தங்கின பத்து நாளும் அதோட போச்சு."

சிரிப்பு அன்று மாலை வரைதான். இழுப்பறையில் ஒரு தாள் கிடைத்தது. ஒட்டியது அவள் கை, மேலே நோயாளி என்ற இடத்தில் இருந்ததும் அவள் பெயர். ஐந்தாம் ஜோடியில் ஒன்று குட்டையாக இருந்தது, ரத்தத்தில் வரும் கெட்ட நோயின் அடையாளம். ஓரத்தில் மருத்துவரைப் பார்க்கவேண்டிய தேதி, அவன் கையெழுத்தில். ஆக, அவள் சொல்லியிருக்கிறாள், அவன் கேட்டிருக்கிறான். அதே செய்தியை இருவரும் இரண்டாம் முறையும் புதிதாகத் தெரிந்துகொண்டார்கள். முதல் முறை அழுதோமா என்று மாடி வீட்டம்மாவிடம் போய்க் கேட்டார்கள். "அழுகையெல்லாம் கேக்கலை. ஒரு நாள் சாயங்காலம் பூரா ரேடியோதான் அலறிச்சு" என்றாள்.

இனி ஒரு நாளையும் விடுவதில்லை என்று அவன் முடிவு செய்தான். ஒரு காலையைப் போல இன்னொன்று இருக்கக்கூடாது. தேநீரை ஒரு நாள் மொட்டை மாடியில் குடித்தார்கள், ஒரு நாள் குளியலறையில். கட்டில் சமையலறைக்கு வந்தது. மீசையை எடுத்தான், வளர்த்தான், பாதி எடுத்தான். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு சர்க்கஸ்ல சேர்ந்திருக்கலாம்" என்றாள். ஒன்றரை வருடம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பிறகு அவளை வார்டில் சேர்த்தார்கள். அங்கே எல்லாக் காலையும் ஒன்றுதான்: ஆறு மணிக்குக் காய்ச்சல் பார்ப்பார்கள், ஆறேகாலுக்கு ஊசி. அவன் தினமும் வேறு சட்டையில் போனான். ஒரு நாள் சைக்கிள் மணி கொண்டுபோனான், ஒரு நாள் முழுப் பூசணிக்காய். "இது வார்டா, சந்தையா?" என்று பெரிய நர்ஸ் திட்டினார். வலி கூடிய நாளில் அவள் அவனிடம், "அந்தப் பதினொரு வாரம் உங்களுக்கு வலிக்கவே இல்லைல்ல?" என்று கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் கட்டிலருகே ஃபிளாஸ்க்கைத் திறந்தான். மூடியபோது தன் வீட்டுச் சமையலறையில் அதே சட்டையில் நின்றிருந்தான். பத்தொன்பது நாள் போயிருந்தது. கொடியில் அவள் துணி இல்லை. மாமியார் ஒரே ஒரு கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நீங்கதான் நின்னு பண்ணீங்க, மாப்பிள்ளை. கல்லு மாதிரி நின்னீங்க" என்றார்.

போன நாட்களை அவன் தேடவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்: அவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம், சாமி பெயரைச் சொன்னாளாம். மாமியார் பூசி மெழுகத் தெரியாதவர். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு பேச்சு நின்றுவிட்டது, அவன் கிளம்பும்போது சொன்னதுதான் கடைசி என்றார். அது அவனிடம் இருந்தது. அவள் கை நீட்டி அவன் காலரைச் சரிசெய்தபடி சொன்னதை, சட்டை பிடித்திருக்கிறது போல என்று அன்று எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை அப்படியே செய்திருந்தான்.

"நாளைக்கும் இதே சட்டையைப் போட்டுட்டு வாங்க."