நகர்ந்துபோன கழிப்பறை

மேல் மாடியின் வடக்குக் கோடியில் மாதுரி கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்த கழிப்பறை மறுபடியும் தெற்கே போயிருந்தது.

முதல் தடவை பார்த்தபோது தன் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அவசரத்தில் எதையாவது அழுத்தியிருப்போம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தாள். இப்போது இரண்டாம் தடவை. கழிப்பறைக்குக் கால் முளைத்து அதுவாக நடந்து போகாதே. யாரோ நகர்த்துகிறார்கள்.

புது பஸ் நிலையத்தின் வரைபடம் அது. காவிரியின் தென்கரையில், திருச்சி டவுனுக்குள், வெள்ளைக்காரன் காலத்து ரயில் கொட்டகை ஒன்று சும்மா கிடக்கிறது. ஒரு காலத்தில் என்ஜின்களைக் கழுவித் துடைத்து நிறுத்திய இடம். வரிசையாகச் செங்கல் வளைவுகள், மேலே இரும்பும் தேக்கும் கலந்த கூரை. அதை ஒட்டி, வடக்குப் பக்கம் இரண்டு மாடியில் நிலையம் வரப்போகிறது. வரைபடப் போட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் கொட்டகையை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் வரைந்து கொடுத்தார்கள். மாதுரி ஒருத்திதான், “ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டேன், பயணிகள் உட்காரப்போற கூடமே கொட்டகைதான்” என்று சொன்னாள். அந்த வார்த்தைக்காகத்தான் திட்டக் குழு வேலையை அவளிடம் கொடுத்தது. சொந்தமாக அலுவலகம் திறந்த பிறகு வந்த முதல் பெரிய வேலை. அந்தக் கொட்டகை மேல் அவளுக்கு ஆசையும் வந்துவிட்டது.

கழிப்பறை தெற்கே வந்தால் அதன் குழாய்கள் கொட்டகைக்குள்தான் இறங்க வேண்டும். அதற்கு இரண்டு வளைவுகளை உடைக்க வேண்டும். வளைவு போனால் கூரை நிற்காது. கூரை இறங்கினால் அத்தனை இரும்பும் தேக்கும் யார் கைக்குப் போகும்?

கொட்டகைக்கு எதிரே இரண்டு மாடிக் கிடங்கு வைத்திருக்கிற பழைய இரும்பு வியாபாரி ரெஜிஸின் முகம் மாதுரிக்கு உடனே ஞாபகம் வந்தது. அவளை எங்கே பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக, “எப்பங்க மேடம் இடிக்கிறீங்க?” என்று கேட்கிற மனுஷன். ஆனால் ரெஜிஸுக்கு அவள் கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரியாது. அதன் பாஸ்வேர்டு தெரிந்த இன்னொரு ஆள் தேசிக் மட்டும்தான்.

தேசிக் அவளிடம் வேலை பார்க்கிற இளம் கட்டடக் கலைஞன். ஸ்ரீரங்கத்தில் அவளுக்குப் பக்கத்து வீதி. தினமும் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் அழியாமல் அலுவலகம் வருகிறவன். “ஏண்டா, பிளானுக்கும் திருமண் சாத்திடுவியோ?” என்று அவள் கேலி செய்வாள். அவனும் அசட்டுச் சிரிப்பு சிரிப்பான். அவனையா சந்தேகப்படுவது என்று முதலில் மனசு கூசத்தான் செய்தது. ஆனால் சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்து போகுமா? அவள் போய் நின்றால் அவன் வரைபடத்தை மூடினான். போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசினான். போதாக்குறைக்கு, ரெஜிஸின் கிடங்கிலிருந்து சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே அவன் வெளியே வருவதை அவளே பார்த்தாள்.

“எங்கடா போயிட்டு வரே?”

“சும்மாதான் அக்கா. ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன்.”

வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன் தேசிக். அலுவலகத்துக்கே வீட்டிலிருந்து கூஜாவில் காபி கொண்டுவருகிறவன். இவன் ரெஜிஸ் கடையில் டீ குடித்தானாம். கைதூக்கி விட்டவளையே விற்றுவிட்டானே என்று மாதுரிக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலமே விஜயராணிக்குப் போன் போட்டாள். திட்டத்தின் தலைமைப் பொறியாளர், ஜீயபுரத்துக்காரி, கறாரான பெண்மணி. வளைவுகளை இடிக்க விடமாட்டேன் என்று குழுவில் மாதுரிக்காக வாதாடியதும் அவள்தான்.

“மேடம், எங்க தேசிக் அந்த இரும்பு வியாபாரிகிட்ட விலை போயிட்டானோன்னு தோணறது. அவன் மேல கொஞ்சம் கண் வையுங்கோ.”

“நீங்க சொல்லிட்டீங்கல்ல, நான் பாத்துக்கறேங்க” என்றாள் விஜயராணி.

மறுநாள் காலையில் தேசிக் மறுபடியும் கிடங்குக்குள் நுழைந்தான். மாதுரி பின்னாலேயே போனாள். “தம்பி மொட்டைமாடிக்குப் போயிருக்காரு, நீங்களும் போங்க” என்று ரெஜிஸ் பல்லைக் காட்டினார். துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவே படியேறி, மூச்சு வாங்க மேலே வந்து நின்றாள்.

“எவ்வளவு குடுத்தார்?”

தேசிக்குக்கு முதலில் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப்போனது. வடக்கே கையை நீட்டினான். தென்னைகளைத் தாண்டி, காவிரி மணலைத் தாண்டி, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் வெயிலில் நின்றது.

“நம்ம மேல் மாடி நடை இந்த உயரத்துலதான் வரப்போறது. அந்தக் கோடியில நின்னா கோபுரம் தெரியும். ஜனங்க பஸ்ஸுக்குப் போறச்சே நின்னு சேவிப்பா. நடுவுல கொண்டுபோய்க் கக்கூஸை வெச்சிருக்கேளே. எனக்குக் கை வரமாட்டேங்கறது அக்கா, அதான் தெக்கே தள்ளி வெச்சேன். இங்கேருந்து நெஜமாவே தெரியறதான்னு பாக்கத்தான் இவர்கிட்ட மாடியைக் கேட்டேன்.”

“இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?”

“சொன்னா சிரிப்பேள்.”

சிரித்திருப்பாள்தான். அதை அவளால் மறுக்க முடியவில்லை.

“வளைவு உடையுமேடா, அது தெரியலையா?”

“குழாயை வெளிப்பக்கமாத் திருப்ப முடியுமான்னு பாத்துண்டிருக்கேன். இன்னும் வழி கிடைக்கலை.”

அடப் பாவி என்று கத்தலாம்போல இருந்தது. ஆனால் அவனைத் திட்ட வாயெடுக்கும்போதே கோபுரத்தைப் பார்த்து அவள் கை தானாகக் குவிந்திருந்தது. தேசிக் அதைப் பார்த்துவிட்டு நாசூக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கழிப்பறையை மேலேதான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? கீழே கிழக்கு ஓரம் காலியாகத்தானே கிடக்கிறது? அதைச் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

கீழே வந்தபோது ரெஜிஸ் டீ வாங்கி வைத்திருந்தார். பாவம், இந்த மனுஷனையும் சேர்த்தல்லவா திருடனாக்கினோம் என்று மாதுரிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காகவே வாசலில் நின்று டீயைக் குடித்தாள். அவர் ஏதோ சொன்னதற்கு வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகவும் சிரித்தாள்.

விஜயராணியிடம் சொன்னது மத்தியானத்துக்கு மேல்தான் சுருக்கென்று தைத்தது. நேரில் போய்ச் சொல்லித் திருத்திவிடலாம் என்று ஆட்டோ பிடித்து ஓடினாள்.

விஜயராணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கோபுரம் தெரிந்ததை, தேசிக் மறைத்ததை, கிழக்கு ஓரம் காலியாக இருப்பதை. நெற்றியில் குங்குமம் வைத்த பெண்தான், சாமி கும்பிடுகிறவள்தான். ஆனாலும் அவள் முகம் இளகவில்லை.

“அவர் மேல கண் வைக்கச் சொன்னீங்க. ஆள் போட்டேன்” என்று தன் போனை மாதுரி பக்கம் திருப்பினாள்.

போட்டோவில் தேசிக் ஓரமாக, பாதிதான் இருந்தான். நடுவில் ரெஜிஸின் கிடங்கு வாசலில், கையில் டீ கிளாஸோடு, மாதுரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், இது...”

“நேத்து அவர் விலை போயிட்டார்னு சொன்னீங்க. இன்னைக்கு மூணு பேரும் சேந்து டீ குடிக்கிறீங்க. இப்ப வந்து பெருமாள், கோபுரம்னு சொல்றீங்க. உங்களை நம்பித்தாங்க நான் அவரைச் சந்தேகப்பட்டேன். இனிமே நான் யாரை நம்பறது?”

என்ன சொன்னாலும் அது திருடி மாட்டிக்கொண்டவள் பேச்சாகத்தான் இருக்கும் என்று மாதுரிக்கே தெரிந்தது. அவளே இந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

“போட்டோ வந்ததுமே குழுவுல பேசிட்டேங்க” என்று விஜயராணி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். “ரெண்டாவதா வந்த பிளானை எடுத்துக்கச் சொல்லிட்டாங்க.”

அந்தப் பிளானில் கொட்டகையே கிடையாது.