வெளிறிய இராசவள்ளி

கமீலா ஓட்டோவில் வந்து இறங்கியபோது, குணலட்சுமி அடுப்படியில் நின்று இராசவள்ளிக்கிழங்குக் கூழுக்குள் பீற்றூட் சாறு பிழிந்துகொண்டிருந்தாள். சக்கையை அவசரமாக வாழையடியில் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினாள். சிவப்புப் போகவில்லை.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன், பிள்ளைகளே.

குணலட்சுமியிடம் முதலில் இருந்த இராசவள்ளி கமீலா தந்தது. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனங்களை வெளியேற்றியபோது, அவளுடைய உம்மா சீலைக்குள் சுற்றிக்கொண்டு போன கிழங்குத்தலை. தலை என்றால் கொடியோடு ஒட்டியிருக்கும் மேல்துண்டு. அதை எடுத்து வைத்து நட்டால்தான் அதே இனம் மறுபடி முளைக்கும். அகதியாய்ப் போய் இருந்த புத்தளத்து மண்ணில் உம்மா அதைச் சாகவிடவில்லை. கமீலா திரும்பி வந்தபோது ஊர் வீட்டு முற்றம் முழுக்கச் சீமெந்து. கூடப் படித்த குணலட்சுமிக்கு இணுவிலில் தோட்டம் இருந்தது.

"உன்ரை மண்ணிலை கிடக்கட்டும் குணம். எனக்கொரு துண்டு வளவு கிடைக்கிற அண்டைக்கு ஒரு தலை தா, அது காணும்" என்று, உம்மாவிடம் மிஞ்சியிருந்த ஒரே தலையைக் கொடுத்தாள்.

வெட்டினால் நாவற்பழ நிறம். ஊரே கேட்டு வந்து குடித்த கூழ்.

போன தையில் கனடா மச்சாள், சொன்னதைவிடக் கூடுதலான ஆட்களோடு வந்து இறங்கினாள். கூழ் எல்லோருக்கும் காணாது. குணலட்சுமி நடுகைக்கென்று சாம்பல் பூசி வைத்த தலைகளில் ஒன்றைச் சீவிப் போட்டாள். "இப்பிடி ஒரு நிறம் நான் எங்கையும் காணேல்லை" என்று மச்சாள் சொல்லச் சொல்ல, மற்றத் தலைகளும் பானைக்குள் போயின. பிறகு சந்தையில் வாங்கி நட்டதுதான் இப்போது உள்ளே வெள்ளையாகக் கிடக்கிறது. கமீலாவின் மகள் ஜிஹானா வளவு வாங்கியதும் இப்போதுதான்; அதில் நடத் தலை கேட்டுத்தான் கமீலா வந்திருக்கிறாள்.

"என்னடி, வாவெண்டு ஒரு சொல்லில்லை?" என்றபடி கமீலா கதிரையில் சாய்ந்தாள்.

குணலட்சுமி கொடுத்த கிண்ணத்துக் கூழில் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கரண்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"சீனி தூக்கல். உனக்கு எப்பவும் கை தாராளம்" என்று சிரித்தாள். "சரி, தலையைக் கொண்டு வா."

குணலட்சுமி பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்து நீட்டினாள். கமீலா பிரித்து, பெருவிரல் நகத்தால் தோலைச் சுரண்டினாள். வெள்ளை.

"இது என்ரையில்லையே."

மழைக்கு அழுகிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சிவந்த கூழ்க் கிண்ணம் கமீலாவின் மடியில் இருந்தது.

"உன்ரையை அவிச்சுப்போட்டன் கமீலா. எல்லாத் தலையையும். நீ கண்டுபிடிக்கக் கூடாதெண்டுதான் பீற்றூட் விட்டனான்."

கமீலா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு எழும்பிச் செருப்பைப் போட்டாள்.

"மூஞ்சையைத் தொங்கப்போடாதை. உங்கை பக்கத்து வளவு அற்புதராணி தலை கேட்டவவெண்டு சொன்னனியெல்லோ? அவவிட்டைப் போய் ஒண்டு வாங்குவம், வா."

குணலட்சுமி அசையவில்லை.

"அவவுக்குக் குடுக்கேல்லை."

"வேறை ஆருக்கு?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. கேட்டவைக்கெல்லாம் தலை மிஞ்சேல்லையெண்டு சொன்னனான்."

"ஏனடி?"

"எல்லா வீட்டிலையும் இருந்தா..." சிவந்த விரல்களைச் சீலையில் துடைத்தாள். "பிறகு என்னைத் தேடி ஆர் வருவினம்?"

வாசலில் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். கமீலா திரும்பிப் பார்க்கவில்லை. மெல்ல மறுபடி அமர்ந்தாள்.

"உம்மா புத்தளத்திலை போனோடை இருக்கிறா. தலை கைக்கு வந்திட்டுதோ எண்டு காலமையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல?"

குணலட்சுமிக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. நிலம் சும்மா கிடந்தது.

"நீ சொல்லாதை. எடுத்துத் தா" என்று கையை நீட்டினாள். "நான் சொல்லுறன்."

கமீலா இலக்கத்தை அழுத்திப் போனைக் கொடுத்தாள். அங்கிருந்து முதிய குரல் ஆசையோடு வந்தது.

"குணமோ மகள்? கிழங்கு எப்பிடி? நிறம் மாறேல்லையே?"

"உம்மா," என்றாள் குணலட்சுமி, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஊராற்ரை புகழ்ச்சிக்காக நான் அதை அழிச்சுப்போட்டன்."