கைப்பிடி இல்லாத நாற்காலி

அந்த நாற்காலியிலிருந்து மாப்பிள்ளை தானாக எழுந்து நின்றால்தான் அடுத்த மருந்து ஏறும். நிற்க முடியாத உடம்பு மருந்தைத் தாங்காது என்று டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டார். புற்றுநோய் வந்தது வயிற்றில்; தின்று தீர்த்ததோ தொடையையும் தோளையும்.

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குவதுதான் அவனுக்கும், அவன் மனைவியின் அண்ணனான மச்சானுக்கும் பிழைப்பு. படியேறும்போது மாப்பிள்ளை மேலே, மச்சான் கீழே. நடுவில் பீரோ முகத்தை மறைத்துவிடும். அதனால் கீழே இருப்பவன் "இருக்கேன்" என்று குரல் கொடுப்பான். குரல் கேட்டால் மேலே இருப்பவன் கனத்தை அவன்மேல் விட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

டாக்டர் அறையில் மச்சான் நாற்காலிக்குப் பின்னால் ஒட்டி நின்றான். மாப்பிள்ளையின் பெல்ட்டுக்குள் விரலை நுழைத்து நோகாமல் ஒரு தூக்கு. மாப்பிள்ளை எழுந்துவிட்டான்.

"நல்லாத்தான் தூக்குறீங்க," என்றார் டாக்டர். "இப்ப நீங்க கதவுகிட்ட போய் நில்லுங்க."

"பழக்க தோஷம் சார்."

மாப்பிள்ளை மறுபடி உட்கார்ந்து, கையை மார்பில் கட்டி முன்னால் குனிந்தான். பேண்டுக்குள் தொடை இருக்கிற அடையாளமே இல்லை, துணிதான் நடுங்கியது. உடம்பு நாற்காலியை விட்டுக் கிளம்பிவிட்டது. இன்னும் கொஞ்சம்தான். மச்சானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இருக்கேன் மாப்ளே!"

வாயை மூடுவதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் மாப்பிள்ளையின் உடம்பு கனத்தைப் பின்னால் விட்டது. பின்னால் யாருமில்லை. கழற்றிப் போட்ட சட்டைபோல் சத்தமில்லாமல் நாற்காலியில் விழுந்தான்.

"இன்னொரு தடவை பாக்கலாம் சார். தப்பு என்னோடது."

டாக்டர் பேனாவை மூடினார். "வேணாம். மருந்தை நிறுத்திடுவோம். வலி தெரியாம பாத்துக்கலாம்."

வீடு மூன்றாவது மாடி. மச்சான் பழைய நினைப்பில் காலை அகட்டி, மூச்சைப் பிடித்து மாப்பிள்ளையைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் முதுகு சுவரில் போய் மோதியது. கையில் கனமே இல்லை.

"என்ன மச்சான், காலி பீரோவா?" என்றது நெஞ்சோரக் குரல்.

படிக்குப் படி அவன் கைகள் அந்தக் கனத்தைத் தேடின. பின்னாலேயே யாரோ ஏறி வருவதுபோல் இருந்தது. அகலத் தோளோடு, கனத்த காலடியோடு, பழைய மாப்பிள்ளை. மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கை கதவைத் திறந்தாள். "என்னண்ணே, எந்திரிச்சாரா?"

மச்சான் பேசுமுன் கைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"எந்திரிச்சேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படுக்கையைத் தட்டிப்போட ஓடினாள். மச்சான் வாசலிலேயே நின்றான், அவனை எங்கே இறக்குவதென்று தெரியாமல்.