மாமனாரின் மரண அறிவிப்பு

அணையைத் திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது மாலைதான். ஆனால் மழை பொழுதையே விழுங்கிவிட்டிருந்தது.

"ஒரு மணி நேரத்துல தண்ணி கீழூருக்கு வந்துரும்" என்றார் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தோவான் அண்ணன். எங்கள் வானொலி நிலையம் மேட்டில் கோயிலை ஒட்டிய ஒற்றை அறை. அங்கிருந்து கம்பி போய் ஒவ்வொரு ஊர்க் கம்பத்திலும் ஓர் ஒலிபெருக்கி. வாசிப்பவள் நான், மியென். மின்சாரம் போய், கிழட்டு பேட்டரி ஒன்றில் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

கீழூரில் என் மகள் தேப் இருந்தாள், நாலு வயது. அவளோடு என் மாமனார் கியெம்.

எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். கீழே வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. ஒன்றுகூட நகரவில்லை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருடமும் இதையே வாசித்தேன். எல்லோரும் மேடேறி விடிய விடிய நனைந்தார்கள், தண்ணீர் வரவில்லை. திரும்பிப் போனால் மாமாவின் பன்றிகளை எவனோ ஓட்டிக்கொண்டு போயிருந்தான். "வீட்டுல கத்துறது பத்தாதுன்னு என் மருமக கம்பத்துலயும் ஏறிக் கத்துறா. இனி அவ தொண்ட கிழிஞ்சாலும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்று ஊர் சிரிக்கச் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்யும் பிடிவாதக்காரர் அவர். கைப்பேசிக் கோபுரமும் செத்துவிட்டது. நான் ஓடிப்போய்க் கெஞ்சி முடிப்பதற்குள் ஆறு வந்துவிடும்.

தேப் நடுவீட்டில் உட்கார்ந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பாள்.

எங்கள் ஜனம் எனக்குத் தெரியும். நெல் விலை, தடுப்பூசி, வெள்ளம் எதை வாசித்தாலும் வாய் கொப்பளித்துக்கொண்டே கேட்பார்கள். சாவுக் குழலும் முரசும் ஒலித்தால் மட்டும் எடுத்த கவளம் பாதியில் நிற்கும். கல்யாணத்துக்குப் போகாதவன்கூட அதற்குக் கிளம்பிவிடுவான்.

"சாவு இசையப் போடுங்கண்ணே."

"யாரு போயிட்டா?"

"கியெம். எங்க மாமா."

தோவான் அண்ணன் முகம் வெளுத்தது. "பைத்தியமா உனக்கு? உயிரோட இருக்கிற மனுசனச் செத்துட்டாருன்னு மைக்குல சொன்னா எமன் காதுல விழும். அப்புறம் அவன் சும்மா போவானா?"

அது எனக்குத் தெரியாதா? என் பெயரைச் சொல்லலாமென்றால் குரலே என்னுடையது, யார் நம்புவார்கள்? வேறொரு வீட்டுப் பெரியவரை எமனுக்குக் காட்டிக்கொடுக்க நான் யார்?

குழல் அழுதது. மைக்கை இழுத்து வாசித்தேன். "கீழூர்ப் பெரியவர் கியெம் இன்று மாலை காலமானார். உடல் மேட்டுக் கோயிலில் வைக்கப்பட்டிருக்கிறது. ஊரார் அனைவரும் உடனே வரவும்." வீட்டில் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் பள்ளத்துக்கு அல்லவா போவார்கள்.

விளக்குகள் அசைந்தன. பிறகு வரிசையாக மேட்டுப் பாதையில் ஏறின.

மழைச்சட்டைக்குள் ஊதுபத்திக் கட்டோடு ஜனம் வந்தது. "எங்கம்மா கெடத்தியிருக்கு?" என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னேன். திட்டினார்கள். திட்டட்டும். நான் வருகிற முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லை. தேப் இல்லை. தூரத்தில் மலைப் பக்கம் தண்ணீர் இரைய ஆரம்பித்தது.

கடைசியில் மாமா வந்தார். தோளில் தேப், ஒரு காலில் மட்டும் செருப்பு. வந்த கோபத்துக்கு என்னை நாலு அறை அறைவார் என்று நின்றேன். அதற்குள் இருட்டில் ஆறு கீழூருக்குள் புகுந்தது. அணைக்காமல் விட்டு வந்த விளக்குகள் ஒரே மூச்சில் அவிந்தன. அவர் அதைப் பார்த்தார். உயர்ந்த கை இறங்கியது.

"என் பேரச் சொல்லிட்ட. எமன் கேட்டிருப்பான்" என்றார் மெதுவாக. "பொய்யின்னு சொல்லிரும்மா. அவன் மேடேறுறதுக்குள்ள சொல்லிரு."

ஓடிப்போய் மைக்கைத் தட்டினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. தோவான் அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். பேட்டரி செத்துவிட்டது.

மழையில் போய் நின்று, கீழே இரைகிற தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன். "எங்க மாமா கியெம் சாகல. உயிரோட இருக்காரு. நான் சொன்னது பொய்."

பேத்தியை இறுக்கிக்கொண்டு அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் சத்தமா சொல்லும்மா" என்றார்.