எவெலியா கருவாடு தின்றாளா?

1

இந்தக் கதை எனக்கு வம்பாகத்தான் கிடைத்தது. எவெலியா திருட்டுத்தனமாகக் கருவாடு தின்கிறாள் என்று படகுத்துறையில் பேசிக்கொண்டார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி. கால் வீங்கி, ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கிறது. உப்பைத் தொட்டால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது என்று நர்ஸ் இல்தா எச்சரித்து ஒரு மாதமாயிற்று. அழுத்தம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

அன்றைக்கு நான் எழுதிய முதல் வரி: 'எவெலியாவுக்கு வாயைக் கட்டத் தெரியாது.' (அடித்துவிட்டேன். எதைப் பார்த்து எழுதினேனாம்?)

2

கணவன் திபுர்சியோமேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் சந்தேகமாக இருக்கிறது. உப்பு டப்பாவை ஒளித்துவைத்தான். தேங்காய்ப்பால் மீன்குழம்பை உப்பில்லாமல் தானே ஆக்கிக் கொடுத்தான். இந்த வருட வெள்ளம் வடிந்ததும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்களே சுகாதார நிலையத்தில், அவன் அவளுக்காகப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டான்.*

ஒருநாள் கேட்டேவிட்டான். "கருவாட்ட எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"வயித்துக்குள்ள. கிழிச்சுப் பாரு," என்றாள்.

* ஒரு கிருமிகூடத் தப்பக் கூடாதாம். பாவி, அவ்வளவு பாசம்.

3

வெளியூரான தேலாவிலிருந்து வந்த அவள் தங்கை காபியை ஒரு வாய் குடித்தாள், துப்பினாள். "காபில யாரு அக்கா உப்பப் போட்டது?"

தூள், சர்க்கரை, தண்ணீர். வேறொன்றும் இல்லை. வருடா வருடம் கடல் ஏறி வந்து கிணறுகளுக்குள் புகுந்துவிட்டுப் போவது ஊருக்கே தெரியும். கொதித்தால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? சுண்டச் சுண்ட அது... (முடிக்கத் தெம்பில்லை. திபுர்சியோ இதைப் படிப்பான்.)

4

மறுநாள் சுகாதார நிலையத்தில் எவெலியா இதைச் சொன்னபோது, பழியைத் தண்ணீர்மேல் போடாதே என்றார் இல்தா. மாத்திரையோடு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அதுவும் ஊர்க் கிணற்றுத் தண்ணீர்தான்.

எவெலியா வாங்கி, அவரிடமே திருப்பி நீட்டினாள். "மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க நர்ஸம்மா."

இல்தா குடித்துத் துப்பியதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கே நம்பிக்கையில்லை. குடித்துவிட்டு, 'நல்லாத்தானே இருக்கு' என்றதாக இன்னொன்று. அதையும் அடித்துவிட்டேன். ஏனென்றால் நானும் போய் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. இந்த ஊர் நாக்கு ஒன்றையும் நம்பி நான் முடிவெழுத மாட்டேன்.

நீங்கள் வெளியூர். ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம். அவள் விரலெல்லாம் வீங்கிப்போயிருக்கிறது, டம்ளரை ரொம்ப நேரம் பிடித்திருக்க மாட்டாள்.